சந்தா கட்டாதவர்களின் ஒப்பாரி

இலக்கியம் பேசும் இடத்தில் கார்களைப் பற்றி எழுத வந்ததற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழாசிரியன் என்ற முறையில் மகிழுந்து என்றே எழுதியிருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் நான் மறுக்க வந்திருக்கும் பேச்சு முழுவதும் ‘கார்’ என்ற சொல்லாலேயே நடக்கிறது. ஆகவே அச்சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் 2004-ஆம் ஆண்டில் பதிவான ஹோண்டா சிட்டி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் விற்ற சிட்டிகளின் வரிசையில் அது இரண்டாம் தலைமுறை. பழைய வண்டிச் சந்தையில் அதன் வடிவத்தை வைத்து ‘டால்பின்’ என்பார்கள். கல்லூரியில் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் முதல் தலைமுறைச் சிட்டியின் பக்தர். 2002-ஆம் ஆண்டு விடெக் ஒன்றை உறை போட்டு மூடி வைத்திருக்கிறார். சென்ற மாதம் தேநீர் வேளையில் அவர் சொன்னார்: “உங்க டால்பினைத் தள்ளி விட்ருங்க சார். கோயமுத்தூர்ல ஒரு கன்சல்டிங்ல பழைய விடெக் ஒண்ணு நிக்குது, போய்ப் பாருங்க. அது கார். நீங்க வெச்சிருக்கறது அரிசி மூட்டை ஏத்தற பெட்டி.”

அவரோடு கோபமில்லை. ஆனால் இக்கருத்து அவர் ஒருவருடையது அன்று. ஒரு பெருங்கூட்டமே இப்படிப் பேசுகிறது. முதல் தலைமுறை பொற்காலம், இரண்டாம் தலைமுறை வீழ்ச்சி, நிறுவனம் கணக்குப்பிள்ளைகளிடம் சரணடைந்து ரசிகனுக்குத் துரோகம் செய்துவிட்டது என்பது அக்கூட்டத்தின் வரலாறு. இவ்வரலாற்றில் பாதி உண்மை. மறுபாதியை மறைத்தால்தான் அந்தப் பாதி உண்மைக்கு இத்தனை கவர்ச்சி கிடைக்கிறது.

முதலில் உண்மையான பாதியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிட்டி 1998 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என இரு எஞ்சின்கள். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் 1.5 லிட்டர் விடெக் சேர்ந்தது. அதன் ஆற்றல் 106 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஏறத்தாழ ஒரு டன்தான். அந்த விலையில் கிடைத்த நான்கு கதவுக் கார்களில் அப்படி ஒன்றை அன்று நம் சாலைகள் கண்டதில்லை. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் அது பந்தயக் காராகவும் ஓடியது. பின்னர் 2003 இறுதியில் இரண்டாம் தலைமுறை வந்தது. அதே 1.5 லிட்டர்தான், ஆனால் 77 குதிரைத்திறன். பதினாறு வால்வுகள் எட்டாகக் குறைந்தன. தாழ்ந்து நீண்டிருந்த உடல் உயர்ந்து உருண்டது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய ஸ்டீயரிங்குக்குப் பதிலாக மின்விசையால் இயங்கும் ஸ்டீயரிங் வந்தது.

நண்பரின் விடெக்கை ஏற்காட்டுச் சாலையில் ஒருமுறை நானே ஓட்டியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். இருக்கை தாழ்வாக இருப்பதால் சாலை மடியில் கிடப்பதுபோல் தோன்றும். கீழ்ச்சுற்றில் அந்த எஞ்சின் சாதுவானது. மிதியை விடாமல் அழுத்திச் சுற்றை ஏற்றினால் ஒரு கட்டத்தில் அதன் குரல் மாறுகிறது. உள்ளே எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு சிறு ஊசி நகர்ந்து வால்வுகளைத் திறக்கும் கைகளைப் பிணைக்கிறது. வால்வுகள் இன்னும் ஆழமாக, இன்னும் நீண்ட நேரம் திறக்கின்றன. வேறொரு எஞ்சின் விழித்துக்கொண்டது போலிருக்கும். என் டால்பினில் இந்த அனுபவம் கிடையாது. கிடைக்கும் என்று சொன்னால் அது பொய்.

இத்தகைய புலம்பல் உலகில் எங்கும் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ எம்5-ஐப் பாருங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினோடு எண்பதுகளில் பிறந்த அந்தக் கார் 1998-இல் எட்டு சிலிண்டருக்கும் 2005-இல் பத்து சிலிண்டருக்கும் போயிற்று. 2011-இல் டர்போ வந்தது. முந்தையதே தூயது என்று சொல்லும் குரல் அங்கும் கேட்கிறது. ஆனால் அங்கே ஆற்றல் 286, 315, 400, 507 என்று ஏறிக்கொண்டே போனது. கார் பெருத்துவிட்டது, மென்மையாகிவிட்டது என்பதுதான் அவர்கள் குறை. அடுத்த தலைமுறைக்கு ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது நம் சிட்டியில்தான். ஆகவே நம்மவர் புலம்பலுக்கு அவர்கள் புலம்பலைவிட வலுவான காரணம் இருக்கிறது. அதனாலேயே இதைக் கூடுதல் கவனத்தோடு விசாரிக்க வேண்டும். ஆற்றல் ஏன் குறைந்தது? யாருக்காகக் குறைந்தது?

இதற்கு விடை எனக்கு நேரில் தெரியும். 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பாவோடு ஒரு விற்பனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரே ஒரு புதுக் கார் வாங்குவது என்று தீர்மானித்திருந்தார். எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கும் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. விடெக்கைத்தான் ஓட்டினோம். திரும்பி வந்து இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: “லிட்டருக்கு எவ்வளவுங்க கொடுக்கும்?” விற்பனையாளர் சற்றுத் தயங்கி, “டவுனுக்குள்ள பத்து, பதினொண்ணு வருங்க சார்” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாவியை மேசைமேல் வைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளூர எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அடுத்த ஆண்டு அதே கூடத்தில் டால்பினைப் பார்த்தபோது “பதினஞ்சுக்குக் குறையாதுங்க” என்ற பதில் வந்தது. அன்றே முன்பணம் கட்டினோம். எங்களைப் போன்றோரின் வாயிலிருந்து வந்த கேள்விக்கு அந்த 77 குதிரைத்திறன் ஒழுங்கான விடை. கணக்குப்பிள்ளை எங்கோ வெளிநாட்டுத் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. அவர் நம் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்த நாடகம் புதிதன்று. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றது. அவர் புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து சென்று விற்ற கதையைக் கண்கலங்கச் சொல்லாத இலக்கியக் கூட்டம் உண்டா? அவருக்குப் பிறகும் எத்தனையோ இதழ்கள் நின்றன. ஒவ்வொன்று நிற்கும்போதும் ‘தமிழ்ச் சமூகம் காப்பாற்றவில்லை’ என்று கட்டுரை எழுதுகிறோம். அந்தத் தமிழ்ச் சமூகத்தில் எழுதுகிறவரும் ஒருவர். அவர் சந்தா கட்டினாரா என்று யாரும் கேட்பதில்லை. நின்றுபோன இதழ்மேல் உள்ள காதல் செலவில்லாத காதல். அடுத்த இதழ் வராது என்பதால் சந்தாவும் கேட்காது. முதல் தலைமுறைச் சிட்டியின்மேல் இன்று பொழியும் காதலில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. புதிதாக விற்றபோது மைலேஜ் கேட்டுவிட்டு நகர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து பாடும் ஒப்பாரி இது.

இனி மறைக்கப்படும் மறுபாதிக்கு வருகிறேன்.

ஒன்று. முதல் தலைமுறை என்பது தூய ஊற்று அன்று. அக்கார் எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த சிவிக்கின் அடித்தளத்தின்மேல், ஆசியச் சந்தைகளுக்காக, விலையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. முதலில் தாய்லாந்தில் 1996-இல் வந்தது. ஜப்பானில் அது விற்கப்படவே இல்லை. பழிக்கப்படும் இரண்டாம் தலைமுறையோ ‘ஃபிட் ஆரியா’ என்ற பெயரில் ஜப்பானிலும் விற்றது. கணக்குப் பார்த்துச் செய்தது குற்றமென்றால் அக்குற்றம் முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு கார்களுமே கணக்கின் பிள்ளைகள்தாம். மூத்ததின் கணக்கில் விடெக் தற்செயலாகக் கிடைத்த வரவு.

இரண்டு. 77 என்ற எண்ணை மட்டும் சொல்லி நகைப்பது அரைகுறை வாசிப்பு. அந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், மொத்தம் எட்டு. ஓட்டத்துக்குத் தக்கபடி அவை ஒன்றன்பின் ஒன்றாகவோ சேர்ந்தோ பொறி வைத்து, குறைந்த பெட்ரோலை மிச்சமில்லாமல் எரிக்கின்றன. அதன் உச்ச முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,700 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. சேலத்தின் மாலை நெரிசலில், நான்கு பேரும் மூட்டையும் ஏறிய நிலையில், மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும் குணம் இதனால் வந்தது. பெட்ரோல் தொட்டியை முன் இருக்கைகளுக்கு அடியில் கொண்டுவந்ததால் பின்புறம் தாராளமாயிற்று. அப்பாவின் கடைசி ஆண்டுகளில் முழங்கால் மடங்காத நிலையில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போன ஒவ்வொரு முறையும் அந்த உயர்ந்த இருக்கையின் அருமையை அறிந்தேன். தாழ்ந்த இருக்கையுள்ள விடெக்கில் அவரை ஏற்றி இறக்கியிருக்க முடியாது. இந்தப் பொறியியலும் பொறியியல்தான். ரசிகர்கள் இதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

மூன்று. இதுதான் ஒப்பாரிக்காரர்கள் ஒருபோதும் பேசாதது. 2005-இல் இரண்டாம் தலைமுறைக்கும் விடெக் எஞ்சின் வந்தது. 100 குதிரைத்திறன். மூத்ததைவிட ஆறு மட்டும் குறைவு. ‘துரோகம்’ திருத்தப்பட்டுவிட்டதே! பொற்காலம் திரும்பியது என்று யாராவது கொண்டாடினார்களா? ‘அது வேறு, அது அந்த விடெக் இல்லை’ என்றார்கள். 2008-இல் வந்த மூன்றாம் தலைமுறை 118 குதிரைத்திறன் என்றது. அதற்கும் அதே பதில். எண்தான் காரணம் என்றவர்கள் எண் திரும்பியபோது காரணத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் அவர்கள் தேடுவது காரை அன்று. தங்கள் இருபது வயதைத் தேடுகிறார்கள். அதை எந்த நிறுவனமும் தயாரிக்க முடியாது.

சரி, இன்று இவ்விரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டுமென்றால் எதை வாங்குவது? மறுத்துவிட்டு நழுவுவது முறையாகாது. என் விடையைச் சொல்கிறேன்.

ஓட்டும் இன்பத்துக்காக, அதற்காக மட்டுமே, ஒரு காரை வாங்குகிறவர் முதல் தலைமுறை விடெக்கைத்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குரிய சந்தாவை முழுமையாகக் கட்ட வேண்டும். முதல் தவணை, தேடும் உழைப்பு. முதல் தலைமுறைச் சிட்டிகள் எல்லாமே விடெக் அல்ல. பின்புறம் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாமல் ஆர்.சி. புத்தகத்தையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஸ்பிரிங்கை வெட்டி, சைலன்சரை மாற்றி, ஓடுதளக் கனவில் அடித்து ஓய்ந்த வண்டிகள் பல. அடித்தகட்டில் துரு தின்ற வண்டிகளும் உண்டு. இரண்டாம் தவணை, அரசுக்கு. பதினைந்து ஆண்டு கடந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. மூன்றாம் தவணை, பெட்ரோலுக்கு. பங்குகளில் இப்போது கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

கடைசித் தவணைதான் முக்கியமானது. ஓட்ட வேண்டும். சுற்று ஏறாத விடெக் வெறும் பழைய கார். உறைக்குள் நிற்கும் விடெக்கின் பேட்டரி இறங்கும், பிரேக் இறுகும், டயர் தட்டையாகும், தொட்டியில் பெட்ரோல் கெடும். அது காட்சிப் பொருளாகக்கூட மிஞ்சாது. அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பிரிக்காமல் வைத்த முதல் பதிப்புக்கு ஆகும் கதிதான். செல்லுக்கு இலக்கியம் தெரியாது.

இத்தனை தவணையும் கட்ட இயலாதவர், நாள்தோறும் ஒரு காரில் போய்வர வேண்டியவர், இரண்டாம் தலைமுறையை வெட்கமில்லாமல் வாங்கலாம். கொஞ்சம் உயிரோட்டமும் வேண்டுமென்றால் 2005-க்குப் பிந்திய விடெக்கைத் தேடலாம். வயதால் வரும் கட்டணமும் எத்தனால் கவலையும் இதற்கும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் இது அன்றாடம் உழைப்பதற்கென்றே செய்த கார். அன்றாடம் ஓடும் வண்டியில் பழுது சீக்கிரம் தெரிந்துவிடும்.

என் கதை? நான் கோயமுத்தூருக்குப் போகப்போவதில்லை. மூத்ததே ஓட்டுவதற்குச் சிறந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகும் போகவில்லை. 2003-இல் அந்தக் கார் புதிதாக, என் கையில் சாவியோடு, என்முன் நின்றது. நான் மைலேஜ் கணக்குப் போட்டேன். அதன் சந்தாவை அன்று கட்டவில்லை. இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வீட்டு வாசலில் நிற்கும் பொறுமையோ, விடியலில் எழுந்து மலையேறும் ஆர்வமோ எனக்கில்லை. இல்லாத ஆர்வத்தை இருப்பதுபோல் காட்டி ஒரு காரை வாங்கி உறைபோட்டு மூடுவது அந்தக் காருக்குச் செய்யும் இரண்டாவது அவமதிப்பு. அப்பாவின் கேள்விக்கு விடையாக வந்த காரை, அந்தக் கேள்வி என்னுடையதும்தான் என்று ஒப்புக்கொண்டு, வைத்துக்கொள்கிறேன். அதன் பதிவு 2029 வரை செல்லும்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். உங்கள் 2002 விடெக்கின் உறையை நான் கடைசியாகப் பார்த்தபோது அதன்மேல் வேப்பம்பூ உதிர்ந்து காய்ந்து கிடந்தது. என் அரிசிப் பெட்டி அன்று காலையும் கல்லூரிக்குப் போய்வந்தது. அடுத்த சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ஏற்காடு அடிவாரத்தில் காத்திருக்கிறேன். நீங்கள் முன்னால் போங்கள். மேலே தேநீர் என் செலவு. அந்த இருபது வளைவுகளையும் சுற்று இறங்காமல் ஏறிக் காட்டினீர்களென்றால், ‘அது கார்’ என்று நீங்கள் சொல்வதை அதன்பின் நான் மறுக்கமாட்டேன்.